சப்போட்டா மரங்களின் நகரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. வரும் டிசம்பரில் நானும் மனைவியும் ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். மூன்று மாதம் இருப்போம். இடையில் ஒரு வாரம் எங்காவது போகலாம் என்றபோது, மருமகன் மெக்சிகோவின் கான்கூன் கடற்கரையைச் சொன்னார். அங்கிருந்து ஒரே நாளில் சிச்சென் இட்ஸா பிரமிடையும் பார்த்துவிடலாமாம். எனக்கு இளவயதிலிருந்தே குவாத்தமாலாவின் காட்டுக்குள் இருக்கும் டிக்கால் என்ற பழைய நகரத்தின் மேல்தான் ஆசை. அறுபதைத் தாண்டிய எங்களுக்கு அது சரிப்படுமா? மனைவி சுத்த சைவம். அப்புறம் ஒரு சந்தேகம். அவ்வளவு பெரிய நகரங்களைக் கட்டிய மாயர்கள் என்ற அந்தப் பகுதிப் பூர்வகுடிகள் ஒருவர்கூட மிச்சமில்லாமல் எப்படி மறைந்தார்கள்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பயணத் திட்டமே அதைப் பொறுத்துத்தான் அமையும். மாயர்கள் மறையவில்லை. 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குவாத்தமாலா மக்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தங்களை மாயர் என்று பதிந்திருக்கிறார்கள். அந்த நாட்டில் மட்டும் 22 மாய மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன.

டிக்கால் கைவிடப்பட்டது என்பது உண்மை. அந்த இடத்தில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. முற்றங்களுக்குச் சுண்ணாம்புக்காரை பூசி, சரிவு கொடுத்து, மழைநீரை வெட்டிய குளங்களில் இறக்கித்தான் பல்லாயிரம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் மழை பல முறை பொய்த்தது. போர்களும் சேர்ந்துகொண்டன. இருந்த தண்ணீரும் கெட்டது. அரண்மனையை ஒட்டிய குளங்களின் வண்டலை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். அதில் பாதரசமும் நச்சுப்பாசியின் தடயமும் இருந்தன. கட்டடங்களுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கப் பூசிய சாதிலிங்கம் என்ற பாதரசத் தாது மழையில் வழிந்து குடிநீரில் சேர்ந்திருக்கிறது. டிக்காலில் தேதி பொறித்த கடைசிக் கல் 869ஆம் ஆண்டினது. அரசர்கள் போனார்கள், மக்கள் தண்ணீர் இருக்கும் ஊர்களுக்குப் பெயர்ந்தார்கள். டிக்காலுக்குப் போக நீங்கள் இறங்கும் ஃப்ளோரெஸ் என்ற தீவு நகரம்தான் நோஹ்பெத்தேன், கடைசி மாய அரசின் தலைநகர். 1697இல்தான் ஸ்பானியர்களால் அதைப் பிடிக்க முடிந்தது. சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை கட்டத் தொடங்கி அப்போது ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

‘மறைந்துபோன மாயர்கள்’ என்ற பேச்சு என்னை வருத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1960 முதல் 1996 வரை குவாத்தமாலாவில் உள்நாட்டுப் போர் நடந்தது. கொல்லப்பட்டவர்களும் காணாமல் போக்கப்பட்டவர்களும் இரண்டு லட்சத்துக்கு மேல் என்று ஐ.நா. ஆதரவுடன் அமைந்த உண்மை ஆணையம் 1999இல் சொன்னது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயர்கள். இவ்வளவையும் தாண்டி மொழியையும் உடையையும் விடாமல் வாழ்கிறவர்களிடம் போய், உங்கள் இனம் எப்படி அழிந்தது என்று பயணிகள் கேட்கிறார்கள். அதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். மாயரான எங்கள் வழிகாட்டிப் பையன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “என் பாட்டிக்கு ஸ்பானிய மொழி வராது” என்று மட்டும் சொன்னான்.

சரி, டிக்காலுக்கு வருவோம். காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணமாகப் போகாதீர்கள். பூங்காவுக்குள்ளேயே விடுதிகள் இருக்கின்றன, ஒரு இரவாவது தங்குங்கள். விடியலுக்கு முன் போகத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். சுமார் 65 மீட்டர் உயரமான நான்காம் கோயிலுக்கு மரப்படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். முழங்கால் வலி இருந்தாலும் நின்று நின்று ஏறிவிடலாம். நான் போன அன்று சூரியன் தெரியவே இல்லை, எங்கும் பனிமூட்டம். இருட்டில் முதலில் ஒரு உறுமல் கேட்டது. புலி என்றுதான் நினைத்தேன். அது ஊளைக்குரங்கு. ஒன்று தொடங்கியதும் வெகுதூரத்தில் இன்னொன்று பதில் கொடுத்தது, அப்புறம் காடு முழுக்க அந்தச் சத்தம்தான். பனி கொஞ்சம் விலகியபோது மரங்களுக்கு மேலே மூன்று கோயில்களின் உச்சி மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய வரை வேறு கட்டடமே இல்லை. கல்லையும் காட்டையும் அங்கே தனித்தனியாகப் பார்க்க முடியாது. 1979இல் யுனெஸ்கோவும் கலாச்சாரம், இயற்கை இரண்டுக்கும் சேர்த்துத்தான் அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

இறங்கி வரும்போது வழியில் உள்ள மரங்களைப் பாருங்கள். சொரசொரத்த பட்டையில் குறுக்கும் மறுக்குமாகப் பழைய கத்தி வெட்டுத் தழும்புகள் இருக்கும். நம் சப்போட்டா மரம்தான் அது! அதன் தாயகமே அந்தப் பகுதி. பெயரும் மெக்சிகோவின் நவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானியர் வாய்வழியாக நமக்கு வந்ததுதான். அந்த வெட்டுகளில் வடியும் பாலைக் காய்ச்சித்தான் ஒரு காலத்தில் உலகத்துக்கே சூயிங்கம் செய்தார்கள். பால் வெட்டப் போனவர்கள் போட்ட ஒற்றையடிப் பாதைகள் வழியாகத்தான் தொல்லியலாளர்கள் புதைந்த பல நகரங்களைக் கண்டடைந்தார்கள். கோயில் வாசல்களின் மேல்விட்டமும் சப்போட்டா மரமே. எட்டாம் நூற்றாண்டில் வைத்த விட்டங்கள் சில இன்னும் அதே இடத்தில் கோயிலைத் தாங்கி நிற்கின்றன. நான்காம் கோயிலின் செதுக்கிய விட்டங்களை மட்டும் 19ஆம் நூற்றாண்டில் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவை இப்போது சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த வாசலில் நின்றபோது இது என் மனதில் வந்துகொண்டே இருந்தது.

இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் வடக்கே வாஷக்தூன் என்ற கிராமத்துக்கும் போய் வாருங்கள். அதைச் சுற்றியுள்ள காட்டை ஊர் மக்களே அரசிடம் உரிமம் பெற்று நிர்வகிக்கிறார்கள். கணக்குப் பார்த்து மரம் எடுக்கிறார்கள், பூங்கொத்துக்குப் போகும் ஷாத்தே என்ற ஈச்சை போன்ற இலையைப் பறித்து விற்கிறார்கள். இப்படி ஊர்க் கைகளில் இருக்கும் பகுதிகளில் காடு பெரிதும் நிற்கிறது.

மீதி நாட்களை மலைநாட்டில் அதித்லான் ஏரிக்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எரிமலை வெடித்த பள்ளத்தில் நிறைந்த ஏரி அது. சுற்றிலும் கக்சிகேல், சூதுஹில் என்ற மாய மொழிகள் பேசும் ஊர்கள். சான் ஹுவான் லா லகுனாவில் ஒரு அம்மா திண்ணையில் நெய்துகொண்டிருந்தார். பாவின் ஒரு முனை தூணில், மறுமுனை அவர் இடுப்பில் சுற்றிய வாரில். நூல் தளர வேண்டுமானால் முன்னால் சாய்கிறார், இறுக வேண்டுமானால் பின்னால் சாய்கிறார். உடம்புதான் தறி. ஒரு ரவிக்கைத் துணிக்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார். ‘ஹுய்பில்’ என்னும் அந்த ரவிக்கையின் கோலத்தைப் பார்த்தே எந்த ஊர்ப் பெண் என்று சொல்லிவிடுவார்கள். அதே கோலத்தை இயந்திரத்தில் அச்சடித்து மலிவாக விற்பதும் நடக்கிறது. அதை எதிர்த்து நெசவுப் பெண்கள் 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள். வாங்கினால் நெய்தவர் கையில் காசு கொடுத்து வாங்குங்கள், தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். நன்றிக்கு ‘மால்தியோஷ்’ என்று சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

உங்கள் மனைவியின் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்று வேளையும் மக்காச்சோள ரொட்டி, கறுப்பு பீன்ஸ், வெண்ணெய்ப்பழம் கிடைக்கும். பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, ‘மந்தேக்கா’ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவித்தான் அரைக்கிறார்கள். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள நயசின் சத்து உடம்பில் ஒட்டும். சோளத்தை மட்டும் எடுத்துப்போய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பாவில் ஏழை மக்கள் நயசின் குறைவால் வரும் பெலக்ரா நோயில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

டிசம்பர், ஜனவரியில் மலைநாட்டில் மழை இருக்காது, ஆனால் இரவில் நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். ஏரியில் படகை மட்டும் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் ‘ஷோகோமில்’ என்ற காற்று எழும்பி அலை அடிக்கும், சின்னப் படகில் முதுகுவலிக்காரர்களுக்குத் தாங்காது. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் முன் மகளைத் தூதரகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.