வாள் இருக்கட்டும், எசமான் யார்? – சாமுராய் கேரக்டர் கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை ஆடும் மேஜை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் சாமுராய் (பழைய ஜப்பானியப் போர்வீரன்) ஆட ஆசைப்படுகிறவர்களின் கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஒன்பது வருடமாக டிஎம் (கதையை நடத்துகிறவர்) நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் என் மேஜைக்கு ஏழெட்டு சாமுராய்கள் வந்துபோய்விட்டார்கள். பாதிப் பேரின் வாள்தான் நினைவிருக்கிறது, ஆளை நினைவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அக்கா, முதல் தடவை ஆடப்போறேன். சாமுராய்க்கு எந்த கிளாஸ் எடுக்கணும்?

ஃபைட்டர். ஆயுதம் ஏந்தும் போர்வீரர் வகை அது. மூன்றாவது லெவலில் சாமுராய் என்ற பெயரிலேயே ஒரு சப்கிளாஸ் (உட்பிரிவு) உண்டு. 2017இல் வந்த துணை விதிநூலான சனாதர் கையேட்டில் இருக்கிறது. 2014 விதிகளைத் திருத்தி வந்த 2024 விதிநூலில் ஃபைட்டருக்குத் தந்த நான்கு சப்கிளாஸ்களில் இது இல்லை என்பதால் டிஎம்மிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இதன் உயிர்நாடி ‘ஃபைட்டிங் ஸ்பிரிட்’. போனஸ் ஆக்‌ஷனைச் செலவழித்தால் (ஒரு டர்னுக்கு ஒன்றுதான் கிடைக்கும் கூடுதல் செயல் அது) அந்த டர்ன் (உங்கள் முறை) முடியும்வரை உங்கள் ஆயுதத் தாக்குதல் எல்லாவற்றுக்கும் அட்வான்டேஜ் (20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டி அதிகமானதை எடுப்பது), கூடவே 5 தற்காலிக ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி). ஒரு நீண்ட ஓய்வுக்கு மூன்று முறைதான். அதனால் எலி, வௌவாலுக்கெல்லாம் வீணடிக்காதீர்கள். ஐந்தாவது லெவலில் ஆக்‌ஷன் சர்ஜையும் (இரண்டு வெட்டுள்ள செயலை இன்னொரு முறை தரும் திறன்) அதே டர்னில் சேர்த்தால் நான்கு வெட்டு, நான்குக்கும் அட்வான்டேஜ். அன்றைக்கு டிஎம் முகத்தைப் பார்க்கவேண்டும்.

ஸ்டாட்ஸ் எப்படிப் பிரிக்கிறது?

வழக்கமான 15, 14, 13, 12, 10, 8 என்றால் 15 வலிமைக்கு, 14 உடலுறுதிக்கு, 13 விவேகத்துக்கு. விவேகம் எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். ஏழாவது லெவலில் கிடைக்கும் ‘எலிகன்ட் கோர்ட்டியர்’ உங்கள் பர்சுவேஷன் (பேசி இணங்கவைப்பது) உருட்டலில் விவேகத்தையும் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது, விவேக சேவிங் த்ரோவையும் (தீங்கைத் தாங்க உருட்டுவது) தருகிறது. அரசவையில் நாலு வார்த்தை பேசத் தெரிந்த ஃபைட்டர் அபூர்வம், விட்டுவிடாதீர்கள்.

கட்டானாவுக்கு (சாமுராய் வாள்) லாங்ஸ்வோர்ட் கணக்குத்தான்னு எங்க டிஎம் அடிச்சுச் சொல்றார். இது அநியாயம் இல்லையா?

இல்லை. டிஎம் கையேட்டின் 2014 பதிப்பே அப்படித்தான் சொல்கிறது: ஒரு கையால் பிடித்தால் சேதத்துக்கு டி8 (8 முகப் பகடை), இரு கையால் டி10. கட்டானா இரும்பையே வெண்ணெயாக வெட்டும் என்பதெல்லாம் சினிமா. ஜப்பானில் இரும்பு மணலை உருக்கி எடுத்த எஃகு ஒரே சீராக இருக்காது. அதைச் சீராக்கத்தான் மடித்து மடித்து அடித்தார்கள். பிறகு முதுகுப் பக்கம் களிமண்ணைத் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசி, சூடாக்கித் தண்ணீரில் முக்குவார்கள். விளிம்பு சட்டென்று குளிர்ந்து கெட்டிப்படும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும். அலை அலையாக ஓடும் வெள்ளைக் கோடு அப்படி வருவதுதான். அருமையான கைவினை, மந்திரம் அல்ல.

கிரேட் வெப்பன் மாஸ்டர்ங்கிற ஃபீட் (கூடுதல் திறமை) எடுத்தேன். ஆனா -5/+10 கட்டானாவுக்கு வராதாமே?

வராது. 2014 விதியில் அந்த -5/+10க்கு (தாக்கும் உருட்டலில் 5 குறைத்துக்கொண்டு சேதத்தில் 10 கூட்டுவது) ‘ஹெவி’ ஆயுதம் வேண்டும், லாங்ஸ்வோர்ட் ஹெவி கிடையாது. கிரேட்ஸ்வோர்டின் 2டி6 கணக்கை எடுத்துக்கொண்டு, அதற்கு ‘நோடாச்சி’ என்று பெயர் வையுங்கள். போர்க்களத்தில் பிடித்த பெரிய வாள் அது, யாரும் குறை சொல்ல முடியாது.

ரெட்டை வாள் வீரர் மியமோட்டோ முசாஷி மாதிரி ரெண்டு வாள் பிடிக்கலாமா?

பிடிக்கலாம், ஆனால் இடிக்கும். இரண்டாவது வாளை வீசவும் போனஸ் ஆக்‌ஷன், ஃபைட்டிங் ஸ்பிரிட்டுக்கும் போனஸ் ஆக்‌ஷன் (2014 விதியில்). ஒரே டர்னில் ஒன்றுதான் கிடைக்கும். இடுப்பில் இரண்டு வாளும் தொங்கட்டும், ஒன்றை மட்டும் உருவுங்கள். முசாஷியே 1612இல் சசாகி கொஜிரோவோடு மோதியபோது மரவாளைத்தான் எடுத்துப்போனார் என்பார்கள்.

வில் வைத்த சாமுராய் சரியா வருமா? எல்லாரும் சிரிக்கிறாங்க.

சிரிக்கிறவர்களுக்கு வரலாறு தெரியவில்லை என்று அர்த்தம். தொடக்ககால சாமுராய் குதிரை மேலிருந்து அம்பெய்கிறவன். அவர்களுடைய நெறிக்கே ‘வில்லும் குதிரையும் சேர்ந்த வழி’ என்றுதான் பெயர். வாளைச் சாமுராயின் ஆன்மா என்று கொண்டாடியது பெரும்பாலும் போர் ஓய்ந்த எடோ காலத்தில் (1603–1868).

விதிப்படியும் இதுதான் பலமான வடிவம். ஹாஃப்-எல்ஃப் இனத்தை எடுத்து ‘எல்வன் அக்யுரசி’ ஃபீட் சேர்த்தால், சுறுசுறுப்பை வைத்து எய்யும்போது அட்வான்டேஜில் இரண்டுக்குப் பதில் மூன்று டைஸ் உருட்டிய பலன். 11 விழுந்தால் படும் என்கிற எதிரியை வைத்துப் பாருங்கள்: சாதாரணமாக 50 சதவீதம், அட்வான்டேஜில் 75, மூன்று டைஸில் 87.5. கிரிட்டிக்கல் (20 விழுந்து கிடைக்கும் பேரடி) 5 சதவீதத்திலிருந்து 14க்கு மேல் போய்விடும். 2014 ஷார்ப்ஷூட்டர் (எய்கிறவர்களுக்கான ஃபீட்) தரும் -5/+10 இதோடு சேர்ந்தால் மேஜையில் மற்றவர்களுக்கு வேலையே இல்லை. 2024 ஷார்ப்ஷூட்டரில் அந்த -5/+10ஐ எடுத்துவிட்டார்கள். நல்லதுக்குத்தான்.

பின்கதைக்கு என்ன எழுதுறதுன்னே தெரியல. ‘கிராமத்தை எரிச்சிட்டாங்க, பழிவாங்கணும்’ போதுமா?

போதாது. நினைவில் நிற்காத சாமுராய்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அவர்கள் எல்லாருடைய கிராமமும் எரிந்துதான் போயிருந்தது.

சாமுராய் என்ற சொல்லே ‘உடனிருந்து பணிசெய்தல்’ என்ற பொருளிலிருந்து பிறந்தது. பணி என்றால் எசமான் வேண்டும். எடோ காலத்தில் சம்பளத்தை அரிசியில்தான் கணக்கிட்டார்கள். ஒரு ‘கொக்கு’ என்பது சுமார் 180 லிட்டர், ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அரிசி. செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வது அவர்களுக்குச் சம்பளக் கணக்கிலேயே இருந்தது. எசமான் போனால் சோறும் போச்சு, அவன் ரோனின். 1701இல் எடோ கோட்டைக்குள் அசானோ என்ற பிரபு வாளை உருவியதற்காகச் சாகச் சொன்னார்கள். அவருடைய ஆட்கள் ஒரே நாளில் ரோனின் ஆனார்கள். அவர்களில் 47 பேர் காத்திருந்து பழிவாங்கிய கதை ஊருக்கே தெரியும். பழிவாங்காமல் வேறு வேலை தேடிப்போனவர்களே அதிகம். அந்த மாதிரி ஒருவனை யாராவது ஆடமாட்டார்களா என்று நானும் பார்க்கிறேன்.

ஆகவே மூன்று வரி போதும். எசமான் பெயர். அவர் உங்களுக்கு எத்தனை கொக்கு அரிசி தருகிறார். அவர் சொல்லியும் நீங்கள் செய்யத் தயங்கிய ஒரு காரியம்.

என் மேஜையில் ஒரு பையன் இப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தான். ஆறாவது அமர்வில் அவன் எசமானியிடமிருந்து ஓலை: கோயிலில் ஒளிந்திருக்கும் சிறுவனைப் பிடித்து அனுப்பு. அந்தச் சிறுவன்தான் முந்தின அமர்வில் எங்கள் கிளெரிக்கின் (பூசாரி கேரக்டர்) காயத்துக்குக் கட்டுப்போட்டவன். ஆடிய பையன் ரொம்ப நேரம் கேரக்டர் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தூதனிடம், “சிறுவன் அகப்படவில்லை என்று சொல்” என்றான். டிசெப்ஷன் (பொய்யை நம்பவைப்பது) உருட்டினான். 7. வசீகரம் 8 என்பதால் அதிலும் ஒன்று குறைந்து 6. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் கை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த நான்கு மாதம் அந்த 6தான் எங்கள் கதை.

ரோக் (திருடன் கிளாஸ்) திருடினால் என் சாமுராய் அவன் தலையை வெட்டித்தானே ஆகணும்? புஷிடோ, சாமுராய் நெறி ஆச்சே?

தயவுசெய்து வேண்டாம். ‘என் கேரக்டர் அப்படித்தான்’ என்று சொல்லி நண்பர்களின் மாலைப்பொழுதைக் கெடுக்காதீர்கள். புஷிடோ என்று இன்று நாம் படிப்பதில் பெரும்பகுதி சண்டை ஓய்ந்தபிறகு எழுதியது. சண்டைக் காலத்தில் 1582இல் பெரும் படைத்தலைவர் நொபுனாகாவைக் கவிழ்த்தது அவருடைய சொந்தத் தளபதி மிட்சுஹிடே. 1600இல் செக்கிகஹாராவில் கொபயகாவா ஹிடேயாகி போரின் நடுவிலேயே கட்சி மாறினார். உங்கள் சாமுராய் ஒரு திருட்டைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டால் ஜப்பான் ஒன்றும் இடிந்துவிடாது.

பெண் சாமுராய் ஆடினா டிஎம் ஒத்துக்குவாரா?

ஒத்துக்கொள்ளாவிட்டால் நகானோ தகேகோ பெயரைச் சொல்லுங்கள். 1868இல் ஐசு போரில் நகினாட்டா (நீள்கம்பு முனையில் வளைந்த அலகு) பிடித்துப் பெண்களோடு சேர்ந்து போரிட்டு இறந்தவர். நகினாட்டாவுக்கு கிளேய்வ் கணக்கு: டி10, பத்தடி எட்டும், அதுவும் ஹெவி. மேலே -5/+10 கேட்டவர் இதையும் பார்க்கலாம்.

துப்பாக்கி வச்சுக்கலாமா?

1543இல் போர்த்துக்கீசியர்கள் தனேகஷிமா தீவுக்குத் துப்பாக்கி கொண்டுவந்தார்கள். 1575இல் நகஷினோவில் நொபுனாகாவின் துப்பாக்கிக்காரர்கள் தகேடாவின் குதிரைப்படையைச் சாய்த்தார்கள். டிஎம் சரி என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் திரி நனையும் என்று அவரும் ஒரு விதி போடுவார், கோபித்துக்கொள்ளாதீர்கள்.