டீன் என்றால் பாதிரியாரா, பேராசிரியரா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சபையின் ஆண்டு விழாவுக்குப் பேராலய டீன் சிறப்பு விருந்தினராக வருகிறார். மகளுக்கு வந்த பல்கலைக்கழகக் கடிதத்திலும் ‘டீன்’ என்றே கையெழுத்து. இரண்டும் ஒரே பதவியா? அழைப்பிதழில் அவர் பெயரை எப்படிப் போடுவது?

பதில்: சொல் ஒன்று, வேலை வேறு. லத்தீனில் ‘தேக்கெம்’ என்றால் பத்து. ‘தெக்கானுஸ்’ பத்துப் பேருக்குத் தலைவன். பிற்கால ரோமப் படையில் வழங்கிய சொல் இது. பிறகு துறவு மடங்கள் இதை எடுத்துக்கொண்டன. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த மட ஒழுங்கின் 21-ஆம் அத்தியாயமே டீன்களைப் பற்றியதுதான்: மடத்தில் ஆள் அதிகமானால் டீன்களை வைக்க வேண்டும், மூப்பைப் பார்க்காமல் நடத்தையையும் ஞானத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், தலைக்கனம் பிடித்தவரை மூன்று முறை கண்டித்து, அதற்கும் திருந்தாவிட்டால் நீக்கிவிட வேண்டும்.

மடத்திலிருந்து பேராலயக் குருமார் குழுவின் தலைவருக்கு அந்தப் பெயர் போனது. 13-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இறையியல், சட்டம், மருத்துவப் புலங்களின் தலைவர்களும் டீன் ஆனார்கள். கலைப் புலத்துக்குத் தலைவர் மட்டும் ரெக்டர். அக்காலப் பல்கலைக்கழகமே திருச்சபையின் நிழலில் வளர்ந்தது, அதனால்தான் இந்தப் பெயர்க் கடன்.

இன்று ஆங்கிலிக்கன் திருச்சபையில் டீன் பேராலயத்துக்குப் பொறுப்பு; பேராயர் (பிஷப்) பல சபைகள் அடங்கிய திருமண்டலம் முழுமைக்கும் பொறுப்பு. டெஸ்மண்ட் டூட்டு 1975-இல் ஜோகன்னஸ்பர்க்கின் முதல் கறுப்பின டீன் ஆகி, 1976-இல் லெசோத்தோ பேராயரானார். நம் டர்பன் வரலாற்றிலும் ஒருவர் உண்டு. ஆங்கிலிக்கன் செயின்ட் எய்டன்ஸ் மிஷனின் தலைவராக இருந்து, 1899-இல் போயர் போரின்போது காந்தியின் இந்திய ஆம்புலன்ஸ் படைக்குப் பயிற்சி தந்த டாக்டர் பூத், பிற்பாடு உம்டாட்டா (இன்றைய ம்தாதா) பேராலயத்தின் டீன் ஆனார். அவர் பெயருக்கு முன்னாலிருந்த ‘டாக்டர்’ மருத்துவரைக் குறித்தது, இறையியல் பட்டத்தை அல்ல.

கத்தோலிக்கத்தில் சில பங்குகளைச் சேர்த்துக் கவனிக்கும் குருவையும் டீன் என்பதுண்டு. தமிழில் அவர் மறைவட்ட அதிபர். குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு ‘ஸ்கூலு’க்கும் (பாடப் பிரிவுக்கும்) தலைவராக இருப்பவரே டீன். உங்கள் மகளின் கடிதத்தில் இருப்பது இந்த வகை. அவர் பாதிரியாராக இருக்க வேண்டியதில்லை. அவருக்குப் பதில் எழுதும்போது பெயருக்கு முன் ‘பேராசிரியர்’ அல்லது ‘டாக்டர்’, பெயருக்குக் கீழே டீன் என்ற பதவி. தமிழில் எழுதினால் ‘புலமுதல்வர்’.

இனி அழைப்பிதழ். ஆங்கிலப் பக்கத்தில் ஆங்கிலிக்கன் பேராலய டீனுக்கு ‘தி வெரி ரெவரண்ட்’. சாதாரணக் குருவுக்கு ‘தி ரெவரண்ட்’, பேராயருக்குத் துணையாக நிர்வாகம் பார்க்கும் மூத்த குருவான ஆர்ச்டீக்கனுக்கு ‘தி வெனரபிள்’, பேராயருக்கு ‘தி ரைட் ரெவரண்ட்’. அடைமொழியை அடுத்து முழுப்பெயர் வர வேண்டும். ‘ரெவரண்ட் நாயுடு’ என்று குடும்பப் பெயரை மட்டும் ஒட்டுவது நம் ஊரில் சர்வ சாதாரணம், ஆனால் முறையல்ல. தமிழ்ப் பக்கத்தில் ‘அருள்திரு’ போட்டு முழுப்பெயர், அடுத்த வரியில் ‘பேராலய டீன்’, இது போதும். ‘மகா கனம் பொருந்திய’ என்றெல்லாம் அடுக்கினால் பேராயருக்கு உரிய மரியாதையை இவருக்குக் கொடுத்ததாகிவிடும்.

அச்சகத்தில் அடிக்கடி நடக்கும் பிழை, ‘டீன்’ ‘டீக்கன்’ ஆகிவிடுவது. டீக்கன் கிரேக்கத்தில் ஊழியர் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது; குருப்பட்டத்துக்கு முந்திய படியில் இருப்பவர், திருத்தொண்டர். டீனை அப்படி அச்சடித்தால் பல படி இறக்கியதாகும். ஆர்ச்டீக்கனுக்கும் இந்த வேர்தான், டீனுக்கு அல்ல.

டீன் என்பது பதவி, பட்டமன்று. விழாவுக்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டால் ‘வெரி’ என்பதும் போய்விடும்; ஓய்வுக்குப் பின் மரியாதைக்காகத் தரும் ‘டீன் எமரிட்டஸ்’ என்பது தனியாக வழங்கினால் மட்டுமே. எனவே அச்சுக்கு அனுப்பும் முன் மெய்ப்பை அவருடைய அலுவலகத்துக்கு ஒருமுறை அனுப்பிவிடுங்கள். அன்று பேராயரும் வருவதாக இருந்தால் அவர் பெயர் மேலே, டீன் பெயர் அடுத்து.