பழைய போனில் ஏன் திறக்குதில்லை? – கேள்வி பதில்

கிளிநொச்சியில் இருந்து இணையத்தளம் செய்து கொடுப்பதுதான் என் தொழில். பழைய பிரவுசர்களால் வரும் தலையிடிகளைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

அக்கா, கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு நெல் விபரம் பதியும் பக்கம் செய்தேன். என் போனில் நன்றாக ஓடுகிறது. தலைவர் ஐயாவின் போனில் வெறும் வெள்ளை. (புதுக்குடியிருப்பு)

வெள்ளைத் திரை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது பக்கத்தை இயக்கும் கோடான ஜாவாஸ்கிரிப்டைத்தான், தம்பி. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் தனக்குத் தெரியாத வரியைத் தாண்டிப் போய்விடும். ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரு குறி விளங்காவிட்டாலும் முழுக் கோப்பையும் தூக்கி எறிந்துவிடும்.

மாங்குளத்தில் எனக்கும் இதே கதைதான். 8 ஜிபி போன். பொங்கல் வீடியோக்களால் நிரம்பி வழிந்தது. இடமில்லாததால் வாங்கிய நாளில் இருந்து குரோம் அப்டேட் ஆகவே இல்லை. யுஎஸ்பி வயரால் லப்டொப்பில் பூட்டி, குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தைத் திறந்தால் சிவப்பில் ஒரே ஒரு வரி: ஒரு புள்ளியை எதிர்பார்க்கவில்லையாம். கேள்விக்குறியையும் புள்ளியையும் சேர்த்து எழுதுகிறோமே, அந்த ஆப்ஷனல் செயினிங்: ஒரு மதிப்பு இல்லாவிட்டால் பிழை காட்டாமல் தாண்டிப் போகும் எழுத்துமுறை. குரோமுக்கு அது 2020 பெப்ரவரியில், 80ஆம் பதிப்பில்தான் வந்தது.

பாலிஃபில் போட்டால் சரிவரும் என்று நினைக்காதீர்கள். இல்லாத ஃபங்ஷனை அது கொண்டுவந்து தரும். இங்கே கோப்பை வாசிக்கும்போதே இலக்கணத்தில் தடக்கி விழுகிறது, பாலிஃபில்லுக்கு முறையே வராது. புதுக் கோடைப் பழைய பிரவுசருக்கு விளங்கும்படி மாற்றித் தரும் பேபல் அல்லது இஎஸ்பில்ட்டில் டார்கெட்டை, அதாவது எவ்வளவு பழைய பிரவுசர் வரை ஓட வேண்டும் என்பதை, கீழே இறக்குங்கள். பேபல் என்றால் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையில் இருந்து வரும், மற்றவர்கள் எழுதிய லைப்ரரிகளையும் அதற்குள் விடுங்கள். நான் என் கோடை மட்டும் மாற்றிவிட்டு அரை நாள் முழுசிக்கொண்டிருந்தேன். அப்புறம், அந்தப் படிவத்தைச் சாதாரண எச்டிஎம்எல் ஃபார்மாக முதலில் எழுதுங்கள். ஸ்கிரிப்ட் செத்தாலும் ஐயா மூட்டைக் கணக்கை அனுப்பிவிடுவார்.

எங்கள் அலுவலகத்தில் விண்டோஸ் 7. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் சரிவரச் செய்து தா என்கிறார்கள். (வவுனியா)

ஏலாது என்று சொல்லுங்கள். விண்டோஸ் 10இலேயே எக்ஸ்ப்ளோரர் 11க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7இல் குரோம் 109ஓடு நின்றுவிட்டது. பயர்பாக்ஸ் 115இன் நீண்டகாலப் பதிப்பு அதில் ஓடும். ஒரு பின்னேரம் போய் எல்லா மெசினிலும் போட்டுவிட்டு வாருங்கள். எக்ஸ்ப்ளோரருக்காகக் கோட் எழுதுவதைவிட அது மலிவு.

பழைய ஐபோனில் பொத்தான்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. குரோம் போடச் சொன்னேன், அதிலும் அப்படியே. (பரந்தன்)

இங்கே ஐபோனில் குரோம் என்பது சட்டை மாத்திரம். உள்ளே ஓடுவது சஃபாரியின் இயந்திரமான வெப்கிட்தான். ஐபோன் 6 ஐஓஎஸ் 12ஐத் தாண்டாது, அதனால் சஃபாரியும் 12இல்தான் நிற்கும். பொத்தான்களை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸில், இடைவெளி விடும் கேப் சஃபாரி 14.1இல்தான் வந்தது. இந்த வசதி உண்டா என்று பிரவுசரைக் கேட்கும் சப்போர்ட்ஸ் விதியால் சோதித்தும் பயனில்லை. கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டுக்குக் கேப் தெரிந்ததால் அது "ஓம்" என்று பொய் சொல்லும். கேப்புக்குப் பதில் மார்ஜின் போடுங்கள்.

பாடசாலைச் சுற்றறிக்கையைத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குழம்பாக வருகிறது. பிரவுசர் பழசா? (முல்லைத்தீவு)

இல்லை, ரீச்சர். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் 'அ' என்று தெரிவது உள்ளே ஆங்கில 'எம்'. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் எம் எம்மாகவே தெரியும். தமிழுக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

பழைய ஆண்ட்ராய்டில் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வருகிறது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ், அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டுடையதுதான், காலாவதியாகவும் இல்லை. (மல்லாவி)

லெட்ஸ் என்கிரிப்ட்டின் சொந்த வேர்ச் சான்றிதழ் (தளங்களின் சான்றிதழை நம்பலாமா என்று பார்க்கப் போன் வைத்திருக்கும் மூலச் சான்றிதழ்) ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்திய போன்களில் இல்லை. இன்னொரு பழைய வேரின் தயவில் 2024 வரை சமாளித்தார்கள்; இப்போது அதுவும் இல்லை. பழைய போன்களும் நம்பும் வேர் உள்ள வேறு வழங்குநரிடம் சான்றிதழ் எடுக்கலாம். பயர்பாக்ஸ் தன் வேர்ப் பட்டியலைத் தானே கொண்டுவருவதால் அதில் திறக்கவும் வாய்ப்புண்டு.

ஆனால் அதற்கு முதல் போனின் திகதியைப் பாருங்கள். பற்றரி கழற்றிப் பூட்டிய போன் ஒன்று 2015 ஜனவரியில் நின்றது தெரியாமல், சேர்வரில் சான்றிதழை இரண்டு தரம் மாற்றிப் போட்டவள் நான்.