பதில்: யாழ்ப்பாணத் தீவுகளுக்குப் போக வாடகை வான் பிடிக்கத்தான் வேண்டுமா?

கண்டியிலிருந்து இரண்டு பேர் வருகிறீர்கள், கையில் காசு குறைவு, தீவுப் பக்கம் போக வான்காரர் கேட்கும் தொகை கட்டாது என்று எழுதியிருந்தீர்கள். வானை விடுங்கள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகாட்டுவான் இறங்குதுறையிலேயே இறக்கிவிடும். யன்னல் பக்கம் இடம் பிடியுங்கள்; இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோட்டு, அந்த வடிவை வான் ஏசிக்குள் இருந்து பார்த்து என்ன?

நெடுந்தீவு, நயினாதீவு இரண்டுக்கும் அங்கிருந்துதான் படகு. இரண்டு தீவையும் ஒரே நாளில் ஓட நினைக்காதீர்கள். நெடுந்தீவுக்குக் கடலில் ஒரு மணித்தியாலமாவது போகும், படகுகளும் குறைவு. நான் ஒருமுறை ஆறுதலாகத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், படகு தூரத்தில் புகை விட்டுக்கொண்டு போகிறது! அதனால் முதல் பஸ்ஸிலேயே போய்விடுங்கள். இறங்கியவுடன் திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டு வையுங்கள். அங்கே சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் குதிரைகள், பெருக்கமரம் (அடி பருத்த பாவோபாப் மரம்), பவளக்கல் வேலிகள் எல்லாம் பார்க்கலாம். வெயில் கொளுத்தும், தண்ணீர்ப் போத்தல் கட்டாயம்.

நயினாதீவு சுகம், படகில் கால் மணித்தியாலம்தான். நாகபூசணி அம்மன் கோயிலில் மத்தியானம் அன்னதானம் உண்டு, சாப்பாட்டுச் செலவும் மிச்சம். ஆண்கள் உள்ளே சட்டை கழற்ற வேண்டும், சரியா?