பெடல் இல்லாத பக்கவாத்தியம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் பேண்டு குழுவுக்கு உதவிப் பயிற்றுநராக இருக்கிறேன். எங்கள் டிராம்போன் மாணவர் ஒருவர் அலெக்சாந்தர் கில்மான் இயற்றிய ‘மோர்சோ சாம்ஃபோனிக்’ படைப்பை அடுத்த நிகழ்ச்சியில் தனியாக வாசிக்க இருக்கிறார். விலைக்குக் கிடைத்த பேண்டு வடிவம் எங்களுக்குப் பொருந்தவில்லை. எங்களிடம் ஹார்ன் இரண்டுதான், பஸூன் இல்லவே இல்லை. ஆகவே பியானோ பகுதியை நானே பேண்டுக்கு மாற்றி எழுதினேன். ஒரு ஸ்வரம்கூட விடாமல் பகிர்ந்து கொடுத்தும், ஒத்திகையில் மாணவரின் வாசிப்பு காதிலேயே விழவில்லை. எங்கே தவறினேன்?
— ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: ஒரு ஸ்வரம்கூட விடாததுதான் தவறு. பியானோவின் தந்தியைச் சுத்தி தட்டிய கணத்திலேயே ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது. நான்கு எண்ணிக்கைக்கு எழுதப்பட்ட கார்டு (பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டு) மூன்றாவது எண்ணிக்கைக்கு வரும்போது வெகுவாகத் தணிந்துவிடும். அந்தத் தணிவில்தான் தனி வாத்தியத்தின் வரி தெளிவாகக் கேட்கிறது. அதே கார்டைக் காற்று வாத்தியங்களிடம் கொடுத்தால், ஊதுகிறவர் மூச்சை நிறுத்தும்வரை அது தொடங்கிய கனத்திலேயே நிற்கும். ஆகவே நீண்ட கார்டுகளை இரண்டு எண்ணிக்கையோடு நிறுத்திவிடுங்கள். அல்லது தொடக்கத்தில் ஓர் அழுத்தமும் உடனே தணிவும் வரும்படி ஒவ்வொரு பிரதியிலும் குறியிடுங்கள். கண்டக்டர் கையசைவில் பார்த்துக்கொள்வார் என்று விடவேண்டாம். நான் முதன்முதலில் இப்படி எழுதியபோது நீண்ட கார்டுகள் அனைத்தையும் ஹார்னுக்கும் யூபோனியத்துக்கும் கொடுத்திருந்தேன். கண்டக்டர் பாதிப் பேரை வாத்தியத்தை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்ன பிறகே தனி வாசிப்பு கேட்டது.

ஒலியை நீடிக்கவைக்கும் பியானோவின் கால்மிதியான பெடல் விஷயத்தில் சிக்கல் நேர்மாறானது. இடக்கை ஒரு கார்டை உடைத்து உடைத்து ஓடும்போது தாளில் இருப்பவை குட்டி ஸ்வரங்கள்தாம். ஆனால் பெடல் அழுந்தியிருப்பதால் காதுக்குக் கேட்பது முழுக் கார்டு. தாளில் உள்ளதை அப்படியே ஒரு கிளாரினெட்டுக்கு எழுதினால் அது விரல் பயிற்சிபோல வறண்டு ஒலிக்கும். ஓடுவதற்கு ஒருவர், நிற்பதற்கு இருவர் என்று வேலையைப் பிரியுங்கள்: முதல் கிளாரினெட் ஓடட்டும், அந்த ஓட்டத்தின் முக்கியமான இரண்டு ஸ்வரங்களைப் பாஸ் கிளாரினெட்டும் ஒரு ஹார்னும் மெல்லப் பிடித்திருக்கட்டும்.

அடுத்தது ஸ்தாயி. டிராம்போன் பாடும் நடுப்பகுதியிலேயே ஹார்ன், யூபோனியம், டெனர் சாக்ஸபோன், பேண்டின் மற்ற டிராம்போன்கள் எல்லாம் குடியிருக்கின்றன. பியானோவிலும் அதே ஸ்தாயியில் ஸ்வரங்கள் இருக்கலாம், ஆனால் அதன் நாதம் வேறு என்பதால் டிராம்போனோடு மோதுவதில்லை. உங்கள் மாணவர் கீழே வாசிக்கும்போது கார்டை மேலே, புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்கும் கொடுங்கள். அவர் நடு ‘சி’க்கு மேலே ஏறும்போது கிளாரினெட்டுகளை அவற்றின் அடிப்பகுதிக்கு இறக்குங்கள். இந்தப் படைப்பின் ஸ்கேலான ஈ-ஃபிளாட் மைனரின் கார்டையே எடுத்துக்கொள்வோம். கிளாரினெட் தாளில் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிப்பது. ஆகவே மூன்று கிளாரினெட்டுகளின் தாளில் நடு ‘சி’, அதற்குக் கீழே ஏ-ஃபிளாட், அதற்கும் கீழே எஃப் என்று எழுதினால், சாலுமோ என்று அவர்கள் சொல்லும் அந்த இருண்ட அடிநாதம் கிடைக்கும். கீழே ஒரே ஒரு டியூபா போதும். இடக்கையில் ஆக்டேவாக இருப்பதாலேயே இரண்டு ஸ்தாயியையும் நிரப்பவேண்டிய கட்டாயமில்லை.

சத்தத்தைக் குறைக்க ‘பியானிஸிமோ’ என்று எழுதுவதைவிட ஆளைக் குறைப்பதே மேல். எட்டு மாணவர்கள் ஒரே ஸ்வரத்தை மிக மெல்ல ஊதினால் சுருதி தள்ளாடும். ‘ஒருவர் மட்டும்’ என்று குறித்தால் அந்த ஒருவர் தைரியமாகவே ஊதலாம். பாடகர் நிரவலில் இறங்கும்போது மிருதங்கக்காரர் கையை அடக்கிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். இங்கே அந்த அடக்கத்தைத் தாளிலேயே எழுதிவைக்கவேண்டியிருக்கிறது.

இதே காரணத்தால், மாணவர் காலப்பிரமாணத்தைச் சற்று இழுத்து வாசிக்கும் இடங்களிலும் கவனம் வேண்டும். பியானோக்காரர் ஒருவர் என்பதால் காதாலேயே பின்தொடர்ந்துவிடுவார். நாற்பது ஐம்பது பேர் கண்டக்டரின் கோல் வழியாகப் பின்தொடரவேண்டும் என்றால், அந்த இடங்களில் பேண்டு புதிதாகத் தொடங்கும் ஸ்வரங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கில்மான் 1902இல் பாரிஸ் கன்சர்வட்வார் இசைக்கல்லூரியின் போட்டிக்காக எழுதிய படைப்பு இது. அவர் பாரிஸின் திரினித்தே தேவாலயத்தில் பல ஆண்டுகள் ஆர்கன் வாசித்தவர். ஆர்கனும் காற்றால் ஒலிப்பது, விரல் எடுக்கும்வரை தேயாதது. அதனால் இந்தப் பியானோ பகுதி பேண்டுக்கு மற்றப் பலவற்றைவிட எளிதாக இசைந்துவரும் என்பது என் எண்ணம். ஈ-ஃபிளாட் மைனரைக் கண்டு அஞ்சி ஸ்கேலை மாற்றிவிடாதீர்கள். கிளாரினெட், சாக்ஸபோன் தாள்களை ஒலிப்பதைவிட உயர்ந்த ஸ்கேலில் எழுதுவதால், புல்லாங்குழலுக்கு ஆறு ஃபிளாட் (ஸ்வரத்தை அரை ஸ்வரம் இறக்கும் குறி) வந்தாலும் கிளாரினெட்டுக்கு நான்கு, ஆல்டோ சாக்ஸபோனுக்கு மூன்றுதான்.

ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1877இல் டிராம்போனுக்கும் இராணுவ பேண்டுக்குமாக எழுதிய கான்செர்டோவை (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ஸ்கோரோடு, அதாவது எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் ஒருங்கே உள்ள தாளோடு, கேட்டுப் பாருங்கள். 1873 முதல் ரஷ்யக் கடற்படையின் பேண்டுகளை மேற்பார்வையிட்டவர் என்பதால் அவருக்கு இந்த வாத்தியங்களின் பலமும் முரட்டுத்தனமும் தெரிந்திருந்தன.

கேள்வி: காவல்துறை பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வுபெற்றவன் நான். இசையமைப்பாளர் ஹம்மெலின் டிரம்பெட் கான்செர்டோவின் பியானோ பிரதி ஒன்று ஈ மேஜரிலும் மற்றொன்று ஈ-ஃபிளாட்டிலும் கிடைத்தது. பேண்டுக்கு எழுத எது உகந்தது?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: 1803இல் ஹம்மெல் எழுதியது ஈ மேஜரில்தான். ஆனால் ஈ மேஜரில் உங்கள் கிளாரினெட்டுக்கு ஆறு ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றும் குறி) வரும். ஆல்டோ சாக்ஸபோனுக்கு ஏழு. ஈ-ஃபிளாட்டில் கிளாரினெட்டுக்கு ஒரே ஒரு ஃபிளாட், ஆல்டோவுக்கு ஒன்றுமில்லை. எனவே ஈ-ஃபிளாட்டே ஏற்றது, பி-ஃபிளாட் டிரம்பெட்காரருக்கும் அதுவே எளிது. ஒன்று மட்டும்: இந்தப் பியானோ பகுதி ஆர்கெஸ்ட்ராவைச் சுருக்கி எழுதியது. வயலின்கள் ஒரே ஸ்வரத்தை வேகமாக மீட்டுவது பியானோவில் இரு ஸ்வரங்களுக்கிடையே நடுக்கமாக மாறியிருக்கும். அதைப் பார்த்து நீங்கள் மறுபடி பேண்டுக்கு எழுதினால் பிரதியின் பிரதியாகிவிடும். ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரை வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

கேள்வி: இவ்வாறு மாற்றி எழுத அனுமதி பெறவேண்டுமா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: இயற்றியவர் மறைந்து இந்தியாவில் 60 ஆண்டும் சிங்கப்பூரில் 70 ஆண்டும் கடந்திருந்தால் வேண்டியதில்லை. கில்மான் 1911இல் மறைந்தார், ஹம்மெல் 1837இல். அண்மைக்காலத்து இசையமைப்பாளர் என்றால் எழுதத் தொடங்கும் முன்பே பதிப்பாளரிடம் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். எழுதி முடித்த பிறகு கேட்டு மறுப்பு வந்தால், ஒரு மாத உழைப்பு பெட்டிக்குள் போய்விடும்.