செம்மறிப்புருவை: ஆடா, ஆட்டுக்குட்டியா?

கேள்வி (மதுரை வாசகி ஒருவர்): என் பாட்டி மாலையில் செபமாலை சொல்லி முடித்ததும் தேவமாதா பிரார்த்தனை சொல்வார். அதன் இறுதியில் ‘உலகத்தின் பாவங்களைப் போக்குகிற சர்வேசுரனுடைய செம்மறிப்புருவையாகிய சேசுவே’ என்று மூன்று முறை வரும். இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ‘இறைவனின் செம்மறியே’ என்று மட்டும் சொல்கிறோம். பாட்டியின் பழைய புத்தகத்தைப் பார்த்த என் மகள், புருவை என்பது புருவம் என்பதன் அச்சுப் பிழையா என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. புருவை என்றால் என்ன? அதை ஏன் விட்டுவிட்டார்கள்?

பதில்: அச்சுப் பிழை அன்று. புருவை தனிச் சொல். அகராதிகளில் அதற்கு ஆடு என்ற பொருளும் இளமை என்ற பொருளும் உண்டு. செம்மறி என்பதோடு சேர்ந்து வரும்போது அது செம்மறியின் இளங்குட்டியைக் குறிக்கிறது. கண்ணுக்கு மேலே உள்ள புருவத்துக்கும் இதற்கும் பொருளால் எந்தத் தொடர்பும் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல, ‘செம்மறி’ என்ற சொல்லையே பிரித்துப் பார்க்க வேண்டும். செம்மை என்பது நிறம். மறி என்பது குட்டி. தொல்காப்பிய மரபியலின் முதல் நூற்பா பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது இளமைப் பெயர்களைச் சொல்கிறது. அவற்றுள் மறி எவற்றுக்கு உரியது என்பதை, ‘யாடும் குதிரையும் நவ்வியும் உழையும் ஓடும் புல்வாய் உளப்பட மறியே’ என்று வேறொரு நூற்பா வரையறுக்கிறது. ஆடு, குதிரை, மூவகை மான் ஆகியவற்றின் இளமைக்கே அந்தப் பெயர் என்பது இதன் கருத்து. ஆகவே அந்த இலக்கணத்தின்படி மறி என்று சொன்னாலே போதும், அது குட்டிதான்.

சங்கப் பாடல்களும் அப்படியே வழங்குகின்றன. ‘பறியுடைக் கையர் மறியினத்து ஒழியப் பாலொடு வந்து கூழொடு பெயரும் ஆடுடை இடைமகன்’ என்பது குறுந்தொகையின் 221ஆம் பாடல். ஓலைப்பாயைக் கையில் வைத்திருக்கும் இடையர்கள் குட்டிகளின் கூட்டத்தோடு தங்கிவிட, ஒருவன் மட்டும் பாலைக் கொண்டுவந்து ஊரில் கொடுத்துவிட்டுக் கூழோடு திரும்புகிறான். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டிருப்பவர்களைக் கோடையில் மேலூர்ப் பக்கம் போய்ப் பார்த்தால் இந்த வரி அப்படியே விளங்கும். தாய் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருக்கும். நடக்க மாட்டாத குட்டிகளைக் கூட்டுக்குள் அடைத்துவிட்டு ஒருவர் காவலுக்கு இருப்பார். அந்த ஒருவரின் வேலைதான் பாட்டில் ‘மறியினத்து ஒழிய’ என்ற இரண்டு சொற்களில் நிற்கிறது. மறி என்பதற்கு ஆடு என்று பொதுவாகப் பொருள் கொண்டால் அந்தக் காட்சியில் பாதி போய்விடும் என்பது என் எண்ணம்.

இன்னொரு பாடலையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தலைவியின் நோய் முருகனால் வந்தது என்று எண்ணி வெறியாடும் வேலன் என்ற பூசாரியிடம், ‘சிறு மறி கொன்று’ இவள் நெற்றியைத் தடவிப் பலி கொடுக்கிறாயே, இவளை வருத்திய மலைநாடனின் மாலை அணிந்த மார்பும் அந்தப் பலியை உண்ணுமோ என்று தோழி கேட்கிறாள் (குறுந்தொகை 362). இதைப் பாடியவர் வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தன். வேம்பற்றூர் மதுரைக்குக் கிழக்கே சிவகங்கை மாவட்டத்தில் உள்ள இன்றைய வேம்பத்தூர் என்பர். மறி என்பதே குட்டியாக இருக்க, அதன் முன் ‘சிறு’ என்ற அடையையும் புலவர் சேர்த்திருப்பது, பலியாகும் உயிரின் சிறுமையை நம் கண்முன் நிறுத்துவதற்காகவே இருக்க வேண்டும்.

பிற்காலத்தில் இந்தச் சொல் வளர்ந்துவிட்டது. குட்டியைக் குறித்த மறி, ஆட்டின் பெட்டைக்கும் பிறகு ஆட்டுக்கும் பெயராயிற்று. ‘செம்மறி’ என்பது வெள்ளாட்டிலிருந்து வேறுபட்ட ஓர் இனத்தின் பெயராக நிலைத்தது. இன்று கிழட்டுக் கிடாயும் செம்மறிதான். நிறத்தின் கதையும் இதுவே. வாடிப்பட்டிப் பக்கம் கச்சைகட்டிக் கருப்பு என்றோர் ஆட்டினம் உண்டு. உடல் முழுதும் கறுப்பு, கிடா முட்டுக்குப் பேர்போனது. அதுவும் செம்மறியே. செம்மையும் போய், இளமையும் போய், பெயர் மட்டும் நிற்கிறது.

பிரார்த்தனையை மொழிபெயர்த்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல் எழுந்திருக்க வேண்டும். மூலமான இலத்தீனில் உள்ள ‘அக்னுஸ்’ என்ற சொல் ஆட்டுக்குட்டியை மட்டுமே குறிக்கும். வளர்ந்த ஆட்டுக்கு அந்த மொழியில் ‘ஓவிஸ்’ என்று வேறு சொல் இருக்கிறது. பாஸ்கா என்ற யூதர் திருவிழாவுக்கு உரியது பழுதில்லாத, ஒரு வயதுள்ள ஆண் குட்டி என்பது விவிலியத்தின் விடுதலைப் பயண நூலில் உள்ள கட்டளை. வயதைக் காட்டாத ‘செம்மறி’ அந்தப் பொருளைத் தாங்காது என்பதால் இளமையைக் குறிக்கும் புருவையைச் சேர்த்தார்கள் என்று கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. சீர்திருத்தச் சபையார் ‘தேவ ஆட்டுக்குட்டி’ என்று எளிய வழியை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) பின் பூசை தமிழில் வந்தபோது, மக்கள் பேச்சில் இல்லாத புருவை நின்றுவிட்டது. செம்மறி தனியே நிற்கிறது. இன்று கேட்பவர் காதில் அது ஆடாக ஒலித்தாலும், தொல்காப்பியத்தின் கணக்கில் அது குட்டியேதான்.

பாட்டி சொன்னபடியே நீங்கள் சொல்லலாம். அந்தப் பழைய புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். புருவை போன்ற சொற்கள் பெரும்பாலும் அத்தகைய புத்தகங்களிலும் பாட்டிமார் நாவிலும்தான் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

கேள்வி (மேலூர் வாசகர்): நான் சிறுகதை எழுதுகிறேன். பிறந்து ஒரு நாளே ஆன ஆட்டுக்குட்டியை ‘மறி’ என்று எழுதினேன். படித்த நண்பர் ‘குட்டி’ என்று திருத்தினார். எது சரி?

பதில்: இரண்டும் சரி, ஆனால் உங்கள் கதையில் பேசுபவர் யார் என்பதைப் பொறுத்தது. கிடைக்காரர் வாயில் மறி என்ற சொல்லை வைத்தால் பொருந்தாது. அவர் கிடாக்குட்டி என்பார், பொட்டைக்குட்டி என்பார். கதையைச் சொல்பவரின் நடை பழந்தமிழ்ச் சாயல் உடையதாக இருந்தால் மறி அழகாக அமையும்.

உங்கள் நண்பருக்கு ஒரு செய்தி. தொல்காப்பியம் ‘மூங்கா வெருகு எலி மூவரி அணிலொடு ஆங்கவை நான்கும் குட்டிக்கு உரிய’ என்கிறது. அதாவது கீரிக்கும் பூனைக்கும் எலிக்கும் அணிலுக்கும் உரியதாகச் சொல்லப்பட்ட குட்டி, இன்று ஆட்டுக்கும் யானைக்கும் நாய்க்கும் பரவி, மறியையும் குருளையையும் பேச்சிலிருந்து வெளியேற்றிவிட்டது. இதை வழக்கின் வலிமை என்று ஏற்கிறேன். ஆயினும் எழுதுபவர்களாவது பழைய பெயர்களை இடமறிந்து ஆள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி (அதே வாசகர்): சாலை மறியலில் உள்ள மறியும் இதுவும் ஒன்றா?

பதில்: பொருளால் வேறு. தடுத்தலைக் குறிக்கும் ‘மறி’ என்ற வினையிலிருந்து வந்தது மறியல். ஆட்டுக்குட்டியைக் குறிப்பது பெயர்ச்சொல். அந்தப் பெயர்ச்சொல் இன்னும் வாழும் இடங்கள் உண்டு. சிவபெருமான் கையில் ஏந்தியிருப்பதை ‘மான்மறி’ என்றே தேவாரம் பாடுகிறது. மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் உள்ள சிவ வடிவங்களில் விரல் நுனியில் துள்ளி நிற்கும் அந்தச் சிறிய மானைக் காணலாம். கன்னடத்திலோ இது அன்றாடச் சொல். ஆட்டுக்குட்டியைக் ‘குரிமரி’ என்பார்கள், குரி ஆடு, மரி குட்டி. வீட்டில் கன்னடம் பேசும் குடும்பங்கள் நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றன. அவர்களில் யாரையேனும் உங்களுக்குத் தெரிந்தால், ஆட்டுக்குட்டிக்கு என்ன பெயர் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.