பழைய காரைப் பிக்கப் ஆக்கலாமா?

கேள்வி: டிக்கி வைத்த பழைய நான்கு கதவு கார் ஒன்று சும்மா நிற்கிறது. முன்சக்கர இழுவை, எஞ்சின் நன்றாக இருக்கிறது. பின்பாதிக் கூரையை வெட்டி எடுத்து, 400 கிலோ ஏற்றும் பிக்கப்பாக மாற்ற ஆசை. கிரைண்டரும் மிக் வெல்டிங் மெஷினும் கைவசம் உண்டு. எங்கே தொடங்குவது?

பதில்: மாற்றலாம். ஆனால் 400 கிலோ கிடைக்காது. கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கதவு நிலையிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் வண்டியின் மொத்த எடை வரம்பும், முன் அச்சு, பின் அச்சு இரண்டின் தனித்தனி வரம்பும் அச்சிட்டிருக்கும். உதாரணத்துக்கு, காலி எடை 950 கிலோ, மொத்த வரம்பு 1,380 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 430. முன்னால் உட்காரும் இருவருக்கு 150 போனால் சரக்குக்கு 280 கிலோ. கூரை, பின் கண்ணாடி, சீட்டு எல்லாம் கழற்றுவதால் எடை குறையுமே என்று தோன்றும். குறைவது 70, 80 கிலோ. சேர்க்கப்போகும் இரும்பு அதைச் சரிக்கட்டிவிடும்: 40×40×2 மி.மீ. சதுரக் குழாய் மீட்டருக்கு 2.3 கிலோ, 2 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 15.7 கிலோ. பன்னிரண்டு மீட்டர் குழாய், இரண்டு சதுர மீட்டர் தளம், கேபின் சுவர், பின்தட்டு எல்லாம் சேர்ந்தால் 80 கிலோவைத் தொட்டுவிடும். தடித்த ஸ்பிரிங் போட்டால் வண்டி தாழாது, அவ்வளவுதான். சக்கர பேரிங், பிரேக், அச்சு, அதைத் தாங்கும் பாடி எல்லாம் பழைய வரம்புக்கே செய்தவை.

அடுத்து, சுமை எங்கே உட்காருகிறது என்பது. அதே காரில் பின் அச்சின் வரம்பு 720 கிலோ, காலியாக இருக்கும்போது அதன் மேல் 380 கிலோ, முன்னால் இருப்பவர்களின் எடையில் 70 கிலோ அதற்கு வருகிறது என்றால் மிச்சம் 270 கிலோ. 280 கிலோ சரக்கின் மையம் சரியாகப் பின் அச்சுக்கு மேல் இருந்தாலே 10 கிலோ அதிகம். மையம் 20 செ.மீ. முன்னால் வந்தால், சக்கர இடைவெளி 240 செ.மீ. என்ற கணக்கில், பின் அச்சு வாங்குவது 257 கிலோ, தப்பித்தோம். அதே சரக்கு அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் போனால் 327 கிலோ ஆகிவிடும். முன் அச்சும் 47 கிலோ இலேசாகும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் அந்த 47 கிலோ முக்கியம். ஈரமான ஏற்றத்தில் டயர் சுழலும், ஸ்டியரிங் பிடிமானம் குறையும்.

அதனால் பின் சீட்டை வைத்துக்கொண்டு டிக்கிப் பகுதியை மட்டும் தொட்டியாக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். முன் சீட்டுக்குப் பின்னாலேயே தொட்டி தொடங்க வேண்டும்.

இனி வெட்டும் வேலை. இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். மூடி உள்ள அட்டைப்பெட்டியை முறுக்கிப் பாருங்கள், பிறகு மூடியைக் கிழித்துவிட்டு முறுக்குங்கள். கூரையை எடுத்தால் காருக்கும் அதுதான் நடக்கும். கதவுக்குக் கீழே ஓடும் சில் கட்டையும் தரைக்கு அடியில் ஓடும் பின்பக்க நீளக் கட்டைகளும் தனியாக முறுக்கத்தைத் தாங்கும்படி செய்தவை அல்ல. 1979-ல் ஃபோக்ஸ்வாகன் முதல் தலைமுறை கோல்ஃபிலிருந்து பிக்கப் செய்தபோது சக்கர இடைவெளியை நீட்டி, பின்னால் பட்டை ஸ்பிரிங்கும் ஒரே குழாய் அச்சும் போட்டார்கள். தொழிற்சாலையே அவ்வளவு மாற்றினால்தான் கூடுதல் சுமை கிடைத்தது.

வெட்டும் முன் தாங்குகட்டை. வண்டி சமதளத்தில், நான்கு சக்கரத்தின் மேல் நிற்கட்டும். நடுவில் ஜாக் வைத்தால் வெட்டிய கணமே பாடி வளையும். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையே உள்ள நடுத்தூண் இரண்டையும் குறுக்கே இணைத்து ஒரு குழாய், பின் கதவு வாய்களில் மூலைக்கு மூலை ஒவ்வொன்று. இவை தற்காலிகம். முன்கதவு இடுக்குகளை நான்கு இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கதவைத் திறந்து மூடி, மீண்டும் அளக்க வேண்டும். 2 மி.மீ. மாறியிருந்தாலும் நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். அதோடு தொடர்ந்தால் பின்னாளில் முன் கண்ணாடி மூலையில் விரிசல் விடும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிக் குறைந்தது 10 நிமிடம் கழித்தே ஏர்பேக், சீட் பெல்ட் ஒயர்களைத் தொடுங்கள். பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் பின் சீட்டுக்கு அடியில் இருக்கும். அதை முழுதாக இறக்கி வேறிடத்தில் வையுங்கள். காலி டேங்கில் தங்கும் ஆவிதான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து.

கூரை வெட்டு நடுத்தூணுக்கு 8 முதல் 10 செ.மீ. பின்னால் போகட்டும். பெல்ட்டின் மேல் கொக்கி அந்தத் தூணில்தான் இருக்கிறது. அதை நகர்த்தக் கூடாது. 1 மி.மீ. டிஸ்க் போதும். பின்தூணைச் சக்கர வளைவுக்கு மேல், இடுப்பு உயரத்தில் வெட்டுங்கள். தரையையும் நீளக் கட்டைகளையும் தொடவே வேண்டாம். பின் கதவுகளின் கண்ணாடிச் சட்டத்தை எடுத்துவிட்டு, கீழ்ப்பாதியைத் தூண்களோடு சுற்றிலும் வெல்டு வைத்தால் அதுவே பக்கச்சுவர் ஆகிவிடும்.

இழந்த முறுக்குறுதியைத் திரும்பத் தருவது கேபினின் பின்சுவர். 40×40×2 குழாயில் தரை, இரண்டு நடுத்தூண், கூரை ஆகிய நான்கையும் தொடும் முழு வளையம் செய்து, அதன் மேல் 1.2 மி.மீ. தகடு. தொட்டித் தளத்துக்கு 35 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் குழாய் போட்டு, நீளக் கட்டைகளின் மேல் 3 மி.மீ. கனத் தகடு வைத்து உட்கார வையுங்கள். தளத் தகட்டைப் பக்கச்சுவரோடும் பின்சுவரோடும் இணைத்துவிட்டால் அடியில் மீண்டும் ஒரு மூடிய பெட்டி உருவாகும். இந்த இணைப்பைச் சோம்பலால் விடுபவர்களின் வண்டிதான் நடுவில் தொய்கிறது. டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்புக்கு மேலே திறக்கக்கூடிய மூடி விட மறக்காதீர்கள்.

பாடித் தகடு 0.7, 0.8 மி.மீ.தான் இருக்கும். 0.6 மி.மீ. வெல்டிங் கம்பி, 2 செ.மீ. நீள வெல்டுத் தையல்கள், இடம் மாற்றி மாற்றி, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு. நீளமாக ஒரே இழுப்பில் வைத்தால் தகடு அலையடிக்கும். வலுவூட்டும் குழாயின் முனையைச் சதுரமாக விடாமல் சரிவாக வெட்டுங்கள். சதுர முனையில்தான் முதல் விரிசல் விழும். புதிய கார்களில் நடுத்தூண் மிகக் கடின எஃகு, சூடு பட்டால் வலு போய்விடும்; இந்த வேலைக்குப் பழைய கார் நல்லது என்பது அதனால்தான். துத்தநாகம் பூசிய தகடானால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் வெல்டு செய்யுங்கள்.

பின்சுவரில் ஓர் ஊசித் துளைகூட இருக்கக் கூடாது. ஓடும்போது கேபினுக்குப் பின்னால் காற்று சுழன்று முன்னோக்கி இழுக்கும். புகைபோக்கியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூட்டுகளுக்கெல்லாம் சீலன்ட், ஒயர் நுழையும் துளைகளுக்கு ரப்பர், புகைக்குழாயின் வாய் தொட்டிக்கு வெளியே. இரவில் உள்ளே விளக்கு வைத்துவிட்டு வெளியிலிருந்து பார்த்தால் துளைகள் தெரியும். பின்சுவரில் வைக்கும் சன்னலுக்குச் சாதாரண வீட்டுக் கண்ணாடி வேண்டாம்; லேமினேட்டட் கண்ணாடியோ பாலிகார்பனேட்டோ போடுங்கள்.

பின் ஸ்பிரிங் இருபது, முப்பது சதவீதம் கடினமானது போதும், கூடவே அதற்கேற்ற ஷாக் அப்சார்பர். டயரின் பக்கத்தில் உள்ள சுமை எண்ணைப் பாருங்கள்: 82 என்றால் ஒரு டயருக்கு 475 கிலோ, 88 என்றால் 560. பிரேக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காலியாக ஓடும்போது பின்பக்கம் இலேசு. அழுத்திப் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். சுமைக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும், பின் அச்சோடு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு இருந்தால் கழற்றாதீர்கள். ஸ்பிரிங் மாற்றியதும் அந்தக் கம்பியின் நீளத்தைத் திருத்துங்கள்.

பாடி வகை மாறுவதால் பதிவு அலுவலகமும் காப்பீட்டு நிறுவனமும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். வரைபடத்தோடு முதலில் அங்கே போங்கள். மறுத்தால் கார் முழுசாகவாவது மிஞ்சும்.

முடித்ததும் எடைமேடையில் முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக நிறுத்து, அந்த எண்ணை வைத்து மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போடுங்கள். 100 கிலோவில் தொடங்கி ஏற்றிப் பாருங்கள். சுமையோடு முகப்பு விளக்கு மேலே அடிக்கும், திருத்த வேண்டும். 500 கி.மீ. ஓடியதும் கேபின் வளையத்தின் நான்கு மூலையையும் பின்தூண் வெட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் சுரண்டி, தகடா பெயின்டா என்று உறுதி செய்யாமல் சரக்கு ஏற்றாதீர்கள்.